வீட்டுப் பொருள் காப்பீட்டில் 'அண்டர்இன்ஷூரன்ஸ்' என்று சொல்லிப் பணத்தை வெட்டினால் என்ன செய்வது?

பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பியபோது பின்கதவின் தாழ்ப்பாள் நெம்பப்பட்டிருந்தது. டி.வி., லேப்டாப், இரண்டு போன், பித்தளை அண்டா, பீரோவிலிருந்த பட்டுப்புடவைகள் எல்லாம் போயிருந்தன. தேய்மானம் கழித்துப் பார்த்தாலும் 1,80,000 ரூபாய் நஷ்டம். வீட்டுக்குப் பாலிசி இருந்தது. திருட்டுப் பிரிவில் காப்பீட்டுத் தொகை 3 லட்சம். போனது 1.8 லட்சம்தானே, முழுதாக வந்துவிடும் என்று நிம்மதியாக இருந்தேன்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. 45,000 ரூபாய் தருகிறோம், கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்றது.

ஏஜென்ட்டுக்குப் போன் செய்தேன். "சார், நீங்க அண்டர்இன்ஷூர் பண்ணிட்டீங்க" என்றார். 3 லட்சம் போதும் என்று சொன்னதே அவர்தான் என்பதை நினைவூட்டினேன். லைன் கட் ஆகிவிட்டது.

கடைசியில் எனக்கு வந்தது 1,35,000. நடுவில் பட்ட பாட்டை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இந்தியாவில் எடுத்த வீட்டுப் பாலிசிக்கு மட்டுமே இது பொருந்தும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குச் சட்டமும் முறையீட்டு வழியும் வேறு.

முதலில் கணக்கு

அண்டர்இன்ஷூரன்ஸ், தமிழில் குறைக்காப்பு, என்றால் வீட்டிலுள்ள பொருள்களின் மொத்த மதிப்பைவிடக் குறைந்த தொகைக்குக் காப்பீடு எடுத்திருப்பது. பாலிசியில் 'ஆவரேஜ்' என்ற நிபந்தனை இருந்தால், எவ்வளவு குறைத்து எடுத்தீர்களோ அதே விகிதத்தில் கிளெய்மையும் குறைப்பார்கள். பழைய தீ விபத்துப் பாலிசியின் வாசகம் இதைக் கொஞ்சம் குத்தலாகவே சொல்லும்: வித்தியாசத் தொகைக்கு நீங்களே உங்கள் காப்பீட்டாளர் என்று கருதப்படுவீர்களாம்.

கணக்கு இவ்வளவுதான். நஷ்டத்தைக் காப்பீட்டுத் தொகையால் பெருக்கி, வீட்டிலிருந்த பொருள்களின் மொத்த மதிப்பால் வகுக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பொருள்களின் மொத்த மதிப்பு 12 லட்சம் என்று, நஷ்டத்தை மதிப்பிட வந்த சர்வேயர் எழுதியிருந்தார். 3 லட்சத்தை 12 லட்சத்தால் வகுத்தால் கால் பங்கு. 1,80,000-இல் கால் பங்கு 45,000.

பெரும்பாலானவர்கள் இங்கேதான் தவறு செய்கிறார்கள், நானும் செய்தேன். பத்து வருஷமாகப் பிரீமியம் கட்டுகிறேன், ஒரு கிளெய்ம்கூடப் போட்டதில்லை, இது அநியாயம் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். "தங்கள் கருத்தைக் கவனத்தில் கொண்டோம்" என்று இரண்டு வரி பதில் வந்தது. அநியாயம் என்ற சொல்லுக்கு அவர்கள் கணக்கில் இடமே கிடையாது. பள்ளிக்கூடத்தில் பின்னம் படித்தோமே, மேலே தொகுதி, கீழே பகுதி. சண்டை போட வேண்டியது அந்தக் கீழ் எண்ணோடுதான். 12 லட்சம் எப்படி வந்தது? அதைக் கேட்க ஆரம்பித்த பிறகுதான் அவர்கள் தொனி மாறியது.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

கடிதத்தோடு 'டிஸ்சார்ஜ் வவுச்சர்' என்று ஒரு தாள் வரும். 'முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்' என்ற பொருளில் ஒரு வரி அதில் இருக்கும். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

பணம் உடனே தேவைப்படுகிறதா? அதற்கும் வழி இருக்கிறது. இந்த வவுச்சரில் கையெழுத்திட்டதாலேயே கூடுதல் தொகை கேட்டு நீதிமன்றத்தையோ வேறு சட்டபூர்வ அமைப்பையோ நாடும் உரிமை பாலிசிதாரருக்குப் பறிபோய்விடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2015-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. தொகையை முடிவு செய்த பிறகு வவுச்சரைக் காட்டி அதை நிறுத்தி வைக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. ஆனாலும் பாதுகாப்பு வேண்டும். 'ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன், மீதித் தொகைக்கான என் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திடுங்கள். அதே நாளில் அதே வரியை மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். பணத்தை வாங்கிச் செலவு செய்துவிட்டு ஆறு மாதம் கழித்து "மனசில்லாமல்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றால் யாரும் எளிதில் நம்ப மாட்டார்கள்.

உங்கள் பாலிசியில் ஆவரேஜ் இருக்கிறதா?

இதைப் பார்க்காமலே பாதிப் பேர் தோற்றுப்போகிறார்கள். 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்‌ஷா' என்ற பொதுவான வீட்டுக் காப்பீட்டை ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கொண்டுவந்தது. தீ, மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், தண்ணீர்த் தொட்டி அல்லது குழாய் உடைவது, கலவரம் போன்றவற்றுக்கு இது பொருந்தும். இதன் முக்கியமான சலுகையே குறைக்காப்பு முழுவதுமாகத் தள்ளுபடி என்பதுதான். 20 லட்ச ரூபாய்ப் பொருளுக்கு 6 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு எடுத்திருந்து, வெள்ளத்தில் 4 லட்சம் போனால், அந்த 4 லட்சத்தை விகிதம் போட்டு வெட்ட முடியாது. உச்ச வரம்பு மட்டும் காப்பீட்டுத் தொகை. 8 லட்சம் போயிருந்தால் 6 லட்சத்தோடு நின்றுவிடும்.

கட்டடத்துக்கும் உள்பொருளுக்கும் சேர்த்து இந்தப் பாலிசியை எடுத்தால், கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய், பொதுவான வீட்டுப் பொருள்களுக்குத் தானாகவே கிடைக்கும். கட்டடம் 30 லட்சத்துக்கு என்றால் பொருள்களுக்கு 6 லட்சம். பட்டியல் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. இதற்கு மேல் வேண்டுமென்றால்தான் விவரம் கேட்பார்கள். நகை, வெள்ளி, ஓவியம் போன்றவை இதில் அடங்காது. அவற்றை முன்கூட்டியே மதிப்பை ஒப்புக்கொண்டு தனியாகச் சேர்க்க வேண்டும்.

ஆகவே, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னைப் புறநகரில் தரைத்தளங்களில் தண்ணீர் புகுந்ததே, அந்த மாதிரி நஷ்டத்துக்கு இந்தப் பாலிசியை வைத்துக்கொண்டு ஒருவர் கிளெய்ம் போட்டு, அதை ஆவரேஜ் என்று சொல்லி வெட்டினால், பதில் கடிதம் ஒரே ஒரு வரிதான்: 'என் பாலிசியில் குறைக்காப்பு விலக்கு இருக்கிறது, எந்த நிபந்தனையின்படி வெட்டினீர்கள் என்று எண்ணோடு குறிப்பிடவும்.' இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை.

ஆனால் திருட்டு விஷயம் வேறு. வெள்ளமோ தீயோ வந்து, அதன் காரணமாக ஏழு நாளுக்குள் நடக்கும் திருட்டை மட்டுமே பாரத் கிருஹ ரக்‌ஷா ஏற்கும். எங்கள் வீட்டில் நடந்தது போலப் பூட்டை உடைத்துத் திருடிப் போவது அதில் வராது. அதற்காகத்தான் 'ஹவுஸ்ஹோல்டர்ஸ் பேக்கேஜ்' மாதிரி பல பிரிவுகள் கொண்ட பாலிசியை விற்கிறார்கள். அதில் தீப் பிரிவுக்கு ஆவரேஜ் இல்லாமல் இருக்கலாம், திருட்டுப் பிரிவுக்கு இருக்கலாம். ஒரே பாலிசி எண், ஒரே பிரீமியம் ரசீது, ஆனால் உள்ளே இரண்டு நீதி. கிளெய்ம் எந்தப் பிரிவில் வருகிறதோ அந்தப் பிரிவின் நிபந்தனையை மட்டும் எடுத்துப் படியுங்கள்.

படிக்கும்போது மூன்று விஷயங்களைத் தேடுங்கள். ஒன்று, காப்பீட்டுத் தொகை 15 சதவீதம் வரை குறைந்தால் கண்டுகொள்ளமாட்டோம் என்ற கூடுதல் நிபந்தனை. எல்லாப் பாலிசியிலும் இருக்காது, இருந்தால் அதிர்ஷ்டம். இரண்டு, 'ஃபர்ஸ்ட் லாஸ்' என்ற சொல். மொத்தப் பொருளும் ஒரே இரவில் திருடு போகாது என்ற எண்ணத்தில், மொத்த மதிப்பைச் சொல்லிவிட்டு அதில் ஒரு பகுதிக்கு மட்டும் எடுக்கும் காப்பீடு இது. அப்படியானால் நீங்கள் முதலில் சொன்ன மொத்த மதிப்பு சரியா என்றுதான் பார்க்க வேண்டும். காப்பீட்டுத் தொகையையும் மொத்த மதிப்பையும் நேராக ஒப்பிட்டு வெட்டக் கூடாது. மூன்று, அட்டவணையில் பொருள்கள் தனித்தனி வரியாக, தனித்தனித் தொகையோடு இருக்கின்றனவா என்பது. ஆவரேஜ் ஒவ்வொரு வரிக்கும் தனியாகப் பொருந்தும் என்று பல பாலிசிகளில் எழுதியிருக்கும். மின்சாதனங்களுக்குச் சரியான தொகை எடுத்திருந்து, மரச்சாமான்களுக்கு மட்டும் குறைத்திருந்தால், திருடு போன லேப்டாப்பை மரக்கட்டிலோடு சேர்த்து வெட்டக் கூடாது.

சர்வேயர் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்

நிறுவனம் அனுப்பும் கடிதத்தில் கடைசி எண் மட்டும்தான் இருக்கும். கணக்கு முழுக்கச் சர்வேயர் அறிக்கையில் இருக்கிறது. அதன் நகலையும் மதிப்பீட்டுத் தாளையும் எழுத்தில் கேளுங்கள். கேட்டால் தர வேண்டும். போனில் கேட்டால் "மேலிடத்தில் சொல்கிறேன் சார்" என்பார்கள், அது எங்கேயும் போகாது. மின்னஞ்சலில் கிளெய்ம் எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

நேரக் கணக்கும் உங்கள் பக்கம்தான். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 ஜூனில் வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கைப்படி, தகவல் கிடைத்த 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் அறிக்கையை 15 நாளில் பெற வேண்டும், அறிக்கை வந்த 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும். தாமதம் ஆகியிருந்தால் தேதிகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

சர்வேயர் என்பவர் நிறுவனத்தின் ஊழியர் அல்ல, ஆணையத்தின் உரிமம் பெற்ற தனி ஆள். எங்களிடம் வந்தவர் நல்ல மனிதர்தான், காபிகூடக் குடித்தார். ஆனால் அவர் அறிக்கை வேதவாக்கு கிடையாது. சர்வேயர் சொன்னதுதான் கடைசி வார்த்தை என்று இல்லை, தகுந்த காரணம் இருந்தால் அதிலிருந்து விலகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் ஒரு வாகனக் காப்பீட்டு வழக்கில் சொல்லியிருக்கிறது. "சர்வேயர் எழுதிவிட்டார், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்று கிளெய்ம் பிரிவில் சொன்னால், காப்பீட்டுச் சட்டத்தின் 64யூ.எம். பிரிவே வேறு தொகைக்குத் தீர்க்கும் உரிமையை நிறுவனத்துக்குத் தருகிறது என்று சொல்லுங்கள்.

கீழ் எண்ணைப் பிரிப்பது

முழுக் கட்டுரையில் இதுதான் முக்கியம், பொறுமையாகப் பாருங்கள்.

அறிக்கை வந்ததும் நானும் மனைவியும் ஒரு நோட்டைப் பிரித்து உட்கார்ந்தோம். 12 லட்சத்தில் முதலில் கண்ணில் பட்டது 'தங்க நகை 4,20,000'. வீட்டில் அவ்வளவு நகையே கிடையாது! மனைவிக்குத்தான் சட்டென்று நினைவுக்கு வந்தது. சர்வேயர் வந்த அன்று, "நகை ஏதாவது போச்சா மேடம்?" என்று கேட்டிருக்கிறார். "இல்லைங்க, எல்லாம் பேங்க் லாக்கர்ல இருக்கு, எப்படியும் நாலு லட்சத்துக்கு மேல இருக்கும்" என்று இவளும் நிம்மதியாகச் சொல்லியிருக்கிறாள். அவர் தொகையை எழுதிக்கொண்டார், லாக்கரை எழுதவில்லை. பாலிசி காப்பது அட்டவணையில் உள்ள முகவரியிலிருக்கும் பொருள்களை. வங்கி லாக்கரில் இருக்கும் நகை அந்த வீட்டுப் பொருளாகக் கணக்கில் சேராது. லாக்கர் ரசீது நகலோடு அந்த 4,20,000 வெளியேறியது. மீதி 7,80,000.

அடுத்தது 'சமையலறை அலமாரிகள், படுக்கையறை வார்ட்ரோப்: 2,40,000'. சுவரோடு நிரந்தரமாகப் பதித்தவை கட்டடத்தின் பகுதி, உள்பொருள் அல்ல. எங்கள் பாலிசியின் விளக்கத்திலேயே அப்படி இருந்தது. மீதி 5,40,000. இதில் ஓர் எச்சரிக்கை: ஏ.சி. போலச் சுவரில் மாட்டிய மின்சாதனங்கள் பல பாலிசிகளில் உள்பொருளாகவே கணக்காகும். சுவரில் இருப்பதெல்லாம் கட்டடம் என்று வாதாடப் போய் மொத்த வாதத்தின் மரியாதையையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பாலிசியின் விளக்கப் பகுதியைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இதே போல வெளியே எடுக்க வேண்டியவை இன்னும் உண்டு. பாலிசியே காக்க மறுக்கும் ரொக்கம், பத்திரங்கள், வாகனம். வாடகை வீடென்றால் வீட்டுக்காரர் போட்டுவைத்த கட்டிலும் ஃபேனும். சொந்தக்காரர் தற்காலிகமாக வைத்துவிட்டுப் போன சாமான். வேறு பிரிவில் தனியாகக் காப்பீடு செய்த பொருள். காக்க மாட்டேன் என்று சொன்ன பொருளைப் பிரீமியத்துக்குச் சேர்க்காமல், வெட்டும்போது மட்டும் சேர்ப்பது என்ன நியாயம்?

கடைசியாக, பெரிய ஓட்டை. சர்வேயர் என் நஷ்டத்தை எப்படிக் கணக்கிட்டார் என்று பார்த்தேன். போன பொருள்களின் புது விலை 2,40,000. பழசு என்று தேய்மானம் கழித்து 1,80,000 ஆக்கியிருந்தார். எங்கள் திருட்டுப் பிரிவு சந்தை மதிப்பில் தீர்ப்பது, ஆகவே அது சரிதான். ஆனால் வீட்டில் மிச்சமிருந்த பொருள்கள்? பத்து வருஷ சோஃபா, மூலையில் கிடக்கும் பழைய கிரைண்டர், கதவு இறங்கிய பீரோ எல்லாமே இன்றைய கடை விலையில் இருந்தன. போனதற்குப் பழைய விலை, இருப்பதற்குப் புது விலை! மேலே சின்ன எண், கீழே பெரிய எண், இரண்டு பக்கமும் எனக்கே அடி.

ஒரே அளவுகோலைத்தான் இரண்டு பக்கமும் வைக்க வேண்டும். சந்தை மதிப்பென்றால் இரண்டுக்கும் சந்தை மதிப்பு. புதிதாக வாங்கித் தரும் விலை என்று பாலிசி சொன்னால் இரண்டுக்கும் அதே. சர்வேயர் தன் தாளில் வருஷத்துக்கு எவ்வளவு தேய்மானம் போட்டிருந்தாரோ, அதையே மிச்சப் பொருள்களுக்கும் போட்டேன். 5,40,000-இல் போன பொருள்களின் புது விலை 2,40,000-ஐக் கழித்தால் மிச்சச் சாமானின் புது விலை 3,00,000. தேய்மானம் போனபின் அது 1,95,000 ஆனது. திருடு போன 1,80,000-ஐயும் சேர்த்தால் 3,75,000. திருட்டுக்கு முந்தைய நிமிடம் வீட்டில் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி, அதனால் போனதையும் சேர்க்க வேண்டும். அதை மறைக்கப் பார்க்காதீர்கள்.

இப்போது கணக்கு: 1,80,000-ஐக் காப்பீட்டுத் தொகையான 3,00,000-ஆல் பெருக்கி 3,75,000-ஆல் வகுத்தால் 1,44,000. மீதி 36,000 உண்மையிலேயே நான் குறைத்து எடுத்ததன் விலை. அதைக் கேட்கவில்லை. கேட்காததுதான் மற்ற வாதங்களுக்குப் பலம் கொடுத்தது என்று நினைக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். கீழ் எண்ணைக் குறைப்பதற்காகப் பொய் சொல்லாதீர்கள், வீட்டிலிருக்கும் டி.வி.யை மச்சான் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். சர்வேயர் முதல் நாளே படம் எடுத்திருப்பார். மோசடி என்று நிரூபித்தால் ஆவரேஜ் எல்லாம் கிடையாது, மொத்தக் கிளெய்மும் போய்விடும்.

ஆதாரம் எங்கே கிடைக்கும்?

'பில் இருக்கா?' என்று கேட்பார்கள். கிரைண்டருக்கு யார் பில் வைத்திருக்கிறார்கள்? ஆனால் தேடினால் கிடைக்கும். ஆன்லைனில் வாங்கியிருந்தால் ஆர்டர் பட்டியலில் தேதியும் விலையும் அப்படியே இருக்கும். கடையில் கார்டில் வாங்கியிருந்தால் வங்கி அறிக்கை போதும். தவணையில் வாங்கிய டி.வி.க்குக் கடன் ஒப்பந்தத்திலேயே மாடல் எண் இருக்கும். வாரண்டி பதிவு, சர்வீஸ் ஆள் அனுப்பிய குறுஞ்செய்தி எல்லாம் பொருளின் வயதைச் சொல்லும்.

எங்களுக்கு அதிகம் உதவியது குடும்பப் படங்கள். கொலுப் படியின் பின்னால் சோஃபா, பேரனின் பிறந்தநாள் கேக்கின் பின்னால் பீரோ. எந்த வருஷம் எடுத்த படம் என்பது போனிலேயே இருக்கிறது. சோஃபா பத்து வருஷம் பழசு என்பதை ஒரு கொலுப் படம்தான் நிரூபித்தது. திருட்டென்றால் எஃப்.ஐ.ஆர். நகலும், பொருள் கிடைக்கவில்லை என்று பின்னால் போலீஸ் தரும் சான்றும் வேண்டும். எஃப்.ஐ.ஆர். பட்டியலும் கிளெய்ம் பட்டியலும் ஒத்துப்போக வேண்டும். விடுபட்டது பிறகு நினைவுக்கு வந்தால் உடனே ஸ்டேஷனில் கூடுதல் மனு கொடுத்துவிடுங்கள்.

கடிதம்

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கோபத்தை நண்பர்களிடம் காட்டுங்கள். நான் இரண்டாவது முறை எழுதியதன் சாரம் இது:

'கிளெய்ம் எண் இன்னது. தாங்கள் முன்வைத்த 45,000 ரூபாயை நான் ஏற்கவில்லை. சர்வேயர் கணக்கிட்ட மொத்த மதிப்பு 12,00,000-இல் மூன்று பிழைகள் உள்ளன. (1) வங்கி லாக்கரில் உள்ள நகை 4,20,000 சேர்க்கப்பட்டுள்ளது. ஆதாரம் இணைப்பு 1. (2) கட்டடத்தில் பதித்த அலமாரிகள் 2,40,000 சேர்க்கப்பட்டுள்ளன; பாலிசி விளக்கப் பகுதி, இணைப்பு 2. (3) நஷ்டம் தேய்மானம் கழித்தும், மிச்சப் பொருள்கள் புது விலையிலும் மதிப்பிடப்பட்டுள்ளன. ஒரே அடிப்படையில் திருத்திய பட்டியல் இணைப்பு 3. சரியான மொத்த மதிப்பு 3,75,000. வழங்க வேண்டிய தொகை 1,44,000. இதில் எந்த வரியை ஏற்கவில்லை என்றாலும், வரி எண்ணும் பாலிசி நிபந்தனை எண்ணும் குறிப்பிட்டுப் பதில் தரவும்.'

கடைசி வாக்கியம்தான் வேலை செய்யும். 'கவனத்தில் கொண்டோம்' என்று இதற்குப் பதில் எழுத முடியாது.

அங்கிருந்து எங்கே போவது?

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். பெயரும் முகவரியும் பாலிசியிலேயே இருக்கும். கிளெய்ம் பிரிவுக்கு எழுதியது இதற்கு ஈடாகாது, தனியாக எழுதுங்கள். இரண்டு வாரத்தில் தீர்க்க வேண்டும். கூடவே ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 'பீமா பரோசா' தளத்தில் பதிவு செய்து எண் வாங்கிவிடுங்கள். 155255 என்ற கட்டணமில்லா எண்ணிலும் பதியலாம். ஆனால் ஆணையம் நீதிபதி மாதிரி உட்கார்ந்து தொகையை முடிவு செய்யாது. உங்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் சொல்ல வைக்கும், அவ்வளவுதான். சில நேரம் அதுவே போதும்.

போதவில்லையென்றால் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரி. என்னைக் கேட்டால் இந்த மாதிரி கணக்குத் தகராறுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்புச் சொல்ல அதிகாரம் உண்டு. 2023 நவம்பர் வரை வரம்பு 30 லட்சமாக இருந்தது. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்கும் அலுவலகம் சென்னைத் தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. இணையத்திலும் மனு போடலாம், விசாரணையும் காணொளியில் நடக்க வாய்ப்புண்டு. நிறுவனம் மறுத்திருக்க வேண்டும், அல்லது நீங்கள் எழுதி ஒரு மாதமாகியும் பதில் வராமலிருக்க வேண்டும், அல்லது வந்த பதில் திருப்தி தராமலிருக்க வேண்டும். அதிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், 30 நாளில் நிறைவேற்ற வேண்டும். உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் நீங்கள் மேலே போகலாம்.

வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால் அதே விஷயத்துக்கு ஆம்புட்ஸ்மேனிடம் போக முடியாது. 2019 நுகர்வோர் சட்டத்தில் கட்டணத்தையும் எந்த ஆணையம் என்பதையும் முடிவு செய்வது நீங்கள் கட்டிய தொகை, அதாவது பிரீமியம். ஆகவே வீட்டுப் பாலிசி வழக்கு மாவட்ட ஆணையத்துக்கே போகும், மனுக் கட்டணமும் இருக்காது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். காலக்கெடு இரண்டு வருஷம். ஆம்புட்ஸ்மேனிடம் காத்திருக்கும்போது இந்தத் தேதியையும் காலண்டரில் குறித்துவையுங்கள்.

எங்கள் விஷயம் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்தில் மனு ஏற்கப்பட்டு நிறுவனத்துக்கு நோட்டீஸ் போனதும் அவர்கள் தரப்பிலிருந்து போன் வந்தது. நகையையும் அலமாரியையும் உடனே ஒப்புக்கொண்டார்கள். தேய்மானத்தில் மட்டும் இழுத்தார்கள். என் மாமியார் கொடுத்த தேக்குக் கட்டிலும் டைனிங் டேபிளும் ஃபர்னிச்சர் கணக்கில் தேயாது, தேக்குக்கு விலை ஏறத்தான் செய்யும் என்றார்கள். மாமியாரும் இத்தனை வருஷமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதால் எனக்கு எதிர்வாதம் பிடிபடவில்லை. மொத்த மதிப்பை 4 லட்சமாக வைத்து 1,35,000-க்கு முடித்தோம்.

அடுத்த பாலிசிக்கு

புதுப்பிக்கும்போது ஏஜென்ட் ஒரு முழு எண்ணைச் சொல்வார். விட்டுவிடுங்கள். போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்வோமே, எல்லாக் கதவும் திறந்து, எல்லாச் சாமானும் வெளியே இருக்கும் ஒரே நாள் அதுதான். போனைக் கையில் எடுத்து அறை அறையாக வீடியோ எடுங்கள், பீரோவின் உள்ளேயும், பரணிலும். அந்த வீடியோவைப் பார்த்து ஒரு பட்டியல் போட்டு, பாலிசி எந்த அளவுகோலைச் சொல்கிறதோ அந்த விலையில் கூட்டுங்கள். வீடியோவை உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்ளுங்கள். நாங்கள் முன்பு எடுத்திருந்த ஒரே ஒரு வீடியோ லேப்டாப்பில் இருந்தது, அதைத்தான் திருடன் கொண்டு போய்விட்டானே.